நீலத்துக்கு அடியில்

பிரேக்கை மிதித்தால்
இடப்பக்க இண்டிகேட்டர் மினுங்குகிறது.
முகப்பு விளக்கைப் போட்டால்
டீசல் முள் எழுந்து நிற்கிறது.
போன வாரம் முழுக்க
விளக்கைப் போட்டுப் போட்டே
டேங்க்கை நிரப்பிக்கொண்டேன்.
ஹாரனை அமுக்கினால் மட்டும்
எதுவும் நடப்பதில்லை,
ஹாரன் உட்பட.

காஸ்த்ரேக்கும் கான் கானுக்கும் நடுவே
சரளைப் பாதையோரம் நிறுத்தியிருக்கிறேன்.
பின்னால் பதினான்கு காஸ் சிலிண்டர்,
ஆறு மூட்டை மாவு.
பதகோனியாவில் வண்டிக் கதவை
இரண்டு கையாலும் பிடித்துத்தான் திறக்க வேண்டும்,
விட்டால் கதவு மட்டும் காற்றோடு
முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

முதலில் ஃபியூஸ்.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்,
முட்டைக்குள் கரு தேடுகிறவள் மாதிரி.
எல்லாம் முழுசு.
பல்பு மாற்றியாயிற்று.
ஃபிளாஷர் ரிலே மாற்றியாயிற்று,
அது ஒரு மூட்டை மாவின் விலை.
பேட்டரியில் மீட்டரை வைத்தேன்:
பன்னிரண்டு புள்ளி ஆறு.
அதை நான் அப்படித் திட்டியிருக்கக் கூடாது.

அப்படியென்றால் ஓஸ்மார்.
தங்கையின் முன்னாள் கணவன்,
இந்த வண்டியை என் தலையில் கட்டியவன்.
கைமாற்றும் முன் ஒரு வாரம் வைத்திருந்து
புதிதாய் நீலம் அடித்துக் கொடுத்தான்.
பெயிண்டுக்குக் காசு வாங்கவில்லை.
ஓஸ்மார் காசு வேண்டாம் என்றபோதே
எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சிக்னல் ஒரு கோடு கிடைக்கிற மேட்டில் ஏறி
கொமொதோரோவுக்குப் போன் போட்டேன்.
எண்ணெய்க் கிணற்று இரைச்சல் அந்தப் பக்கம்,
காற்று இந்தப் பக்கம்.
"இதில் எதை மறைத்து விற்றாய்?"
"இல்டா... சத்தியமா... கழற்றித்தான்...
ஒவ்வொரு போல்ட்டும்...
ஒரு இடம் விடாம..."
அதோடு அறுந்தது.

ஒரு இடம் விடாமல்.

இறங்கி வந்து
மீட்டரின் ஒரு முனையை மைனஸில் வைத்தேன்,
மறுமுனையைக்
கதவுக் கீலின் தேய்ந்த இரும்பில்.
விளக்கு எரியும்போது
பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில்
மூன்று வோல்ட்.
வேலை முடித்த மின்சாரம்
வீடு திரும்பப் பாதையில்லாமல்
சந்து சந்தாய்ப் புகுந்து போயிருக்கிறது,
போகிற வழியில்
இண்டிகேட்டரைத் தட்டி,
டீசல் முள்ளை உலுக்கி.

ஜம்பர் கேபிளின் கறுப்பு வாய் ஒன்றை
மைனஸைக் கவ்வச் செய்தேன்,
இன்னொன்றைக் கீலை.
உள்ளே எட்டி ஹாரனை அமுக்கினேன்.
கோய்ரோன் புல்லில் மேய்ந்த
குவனாக்கோ கூட்டம் மொத்தமும்
தலை தூக்கியது.

எர்த் பட்டை இருந்தது,
எஞ்சினுக்குப் பின்னால்,
கை மட்டும் நுழையும் இடுக்கில்.
பின்னல் கம்பி நீலம்.
வாஷர் நீலம்.
கழற்றினால் அதற்கு அடியில் இரும்பும் நீலம்,
இரண்டு கோட்டிங், ஒரு சொட்டு வழியாமல்.
திருடன் வேலை இவ்வளவு நேர்த்தியாய் இராது.
பாவி, தங்கையோடு இருந்த ஒன்பது வருஷத்தில்
ஒரு சுவருக்காவது இப்படி அடித்திருக்கலாம்.

உப்புத்தாளை மடித்து
காசு அகலத்துக்குச் சுரண்டினேன்.
விரல் கணு உரிந்தது.
கொஞ்ச நேரத்தில்
நீலத்தின் நடுவே பளிச்சென்று இரும்பு.
கிரீஸ் தடவி, போல்ட்டை முறுக்கி,
கேபிளைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் எறிந்தேன்.

பிரேக் இப்போது பிரேக் மட்டும்தான்.
இண்டிகேட்டர் கூப்பிட்டால்தான் வருகிறது.
அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால்
மறுபடி அந்த மேடு ஏற வேண்டும்.

டீசல் முள்
மெதுவாய் இறங்கி
சிவப்புக் கோட்டின் மேல் படுத்துக்கொண்டது.
கான் கானுக்கு
இன்னும் அறுபது கிலோமீட்டர்.

விளக்கை ஒருமுறை
அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.